திருநீறு துடைத்த பிறகும் இருந்த புள்ளிகள்

என் அம்மாவின் மார்பில் கட்டி எதுவும் இருக்கவில்லை. வலி இல்லை, தோலில் சுருக்கம் இல்லை, கசிவும் இல்லை. ஐம்பத்திரண்டு வயது. மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் காலையிலிருந்து குனிந்தபடி வெங்காயம் கிண்டி எடுத்துவிட்டு, பின்னேரம் வந்து எங்களுக்கும் தேத்தண்ணி ஊற்றித் தருகிற உடம்பு. அந்த உடம்புக்குள் என்ன இருந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததை நாங்கள் எப்படித் தவறவிடப் பார்த்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

"பேரை மட்டும் போட்டுடாதை. மற்றதெல்லாம் எழுது. சனம் வாசிக்கட்டும்" என்றார்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகளில், பயிருக்கு இடும் பசளையின் நைத்திரேற்று உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. எதற்கும் பட்டியல் போடுவது எனக்குப் பழக்கம். வீட்டில் அதை வைத்துப் பகிடி பண்ணுவார்கள்.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, மார்புப் புற்றுநோயால் இறந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. கட்டி தட்டுப்பட்ட பிறகும் மகளின் கலியாணம் முடியட்டும் என்று எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவர். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் அவரோடு நின்றது அம்மா. அதன் பிறகு, வருத்தம் இல்லாத பெண்களையும் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்கு அம்மாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த வைத்தியர் கையால் பரிசோதித்து, ஒன்றும் தட்டுப்படவில்லை என்றார். பெரியம்மாவின் கதையைக் கேட்டதும் மமோகிராமுக்குத் துண்டு எழுதித் தந்தார்.

"ஒண்டும் இல்லையெண்டு நீங்களே சொல்லுறியள். பிறகேன் படம்?" என்று அம்மா கேட்டார்.

"கைக்குப் படாதது படத்தில தெரியும் அம்மா. கைக்குப் படுற வரைக்கும் நாங்கள் ஏன் காத்திருப்பான்?"

மமோகிராம் என்பது மார்புக்கு எடுக்கும் எக்ஸ்ரே. இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அமத்தி, ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒன்று, சரிவாக ஒன்று என நான்கு படங்கள் எடுப்பார்கள். அமத்துவது ஏனென்றால், சதை பரவினால்தான் ஒன்றின் மேல் ஒன்று மறையாமல் தெரியும். பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடும்.

படம் எடுக்கிற நாள் வெள்ளிக்கிழமை. முதல் நாளே அம்மாவுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தேன். பவுடர் போடக் கூடாது. கிறீம் கூடாது. சென்ற் கூடாது. சங்கிலியைக் கழற்ற வேண்டும். மேலே சட்டை, கீழே பாவாடை என்று உடுத்தினால் கழற்றுவது சுகம். அக்குளில் போடும் பவுடரின் துகள்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழும், அது நோயின் புள்ளியைப் போலவே இருக்கும் என்று வாசித்திருந்தேன். அம்மா அதை வரி வரியாகப் பார்த்து, எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்.

என்னை உள்ளே விடவில்லை. கதவு அரைவாசி திறந்திருந்தது. முதல் இரண்டு படங்கள் எடுத்த பிறகு, படம் எடுக்கும் மிஸ்ஸின் குரல் கேட்டது.

"அம்மா, பவுடர் போட்டனிங்களோ?"

"இல்லையே. பிள்ளை வேண்டாமெண்டு எழுதித் தந்தது. நான் தொடவே இல்லை."

"அப்ப இந்த வெள்ளை என்ன?"

"அது திருநீறு."

"நெஞ்சிலயோ?"

"ரெண்டு பக்கமும் பூசினனான். விடியக் கோயிலுக்குப் போட்டு வந்தது. உந்த மெசினுக்குள்ள போறதெண்டால் ஒரு காப்பு வேண்டாமோ?"

மிஸ் சிரித்துவிட்டார். பிறகு கதவால் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, பவுடர் வேண்டாமெண்டு எழுதின நீங்கள் திருநீறையும் எழுதியிருக்கலாமே?"

அம்மா உள்ளிருந்தபடியே எனக்காகக் கதைத்தார். "திருநீறைப் பவுடர் எண்டு ஆர் நினைப்பினம் மிஸ்?"

ஈரத் துணியால் துடைத்து, நான்கு படங்களையும் முதலிலிருந்து எடுத்தார்கள். வரும் வழியில் பஸ்ஸில் அம்மா நல்ல சந்தோஷமாக இருந்தார். "கதவிடுக்கில கை அகப்பட்ட மாதிரி இருக்குமெண்டு பயப்படுத்தினவை. அவ்வளவு இல்லை. அளவில்லாத சட்டையை இறுக்கிப் போட்ட மாதிரி" என்றார். அன்றிரவு சாப்பாட்டில் திருநீற்றுக் கதையை அப்பாவுக்குச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இரண்டு கிழமையில் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. இடது பக்கத்தில் சில புள்ளிகள் தெரிகின்றன, பெருப்பித்து இன்னொரு படம் எடுக்க வேண்டும், வரச் சொன்னார்கள்.

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது திருநீறு. அந்தப் பிள்ளை இடப்பக்கத்தை வடிவாத் துடைக்கேல்ல."

அப்பாவும் ஓம், அப்படித்தான் என்றார். அரியாலையில் இருக்கும் சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்து, "அக்காவுக்குத் திருநீற்று வருத்தம்" என்று பேர் வைத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இதைத்தான் முக்கியமாக எழுத வேண்டும். எனக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது. பிழை என் பட்டியலில்தான், அம்மாவின் உடம்பில் இல்லை என்பது எவ்வளவு இதமான முடிவு. மறுபடி போவதை என் கைத்தொலைபேசியில் 'அவசரமில்லை' என்ற தலைப்பின் கீழ் எழுதி வைத்தேன். அம்மா, "வெங்காயம் கிண்டி முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். நான் மறுக்கவில்லை.

பதினொரு நாட்கள் அப்படியே போயின.

பன்னிரண்டாம் நாள் ஆய்வுகூடத்துக்கு ஒரு தோட்டக்காரர் வந்தார். அதற்கு முந்திய கிழமை தன் கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தல் ஒன்றில் கொண்டு வந்து தந்தவர். நைத்திரேற்று அளவு மிக அதிகமாக வந்திருந்தது. விசாரித்தால், அந்தப் போத்தலில் அதற்கு முன் பசளை கரைத்து வைத்திருந்தாராம்.

"அப்ப போத்தில்தான் பிழை. தண்ணி நல்லது, என்ன பிள்ளை?" என்றார்.

"போத்தில் பிழையெண்டால் தண்ணி நல்லதெண்டு இல்லை ஐயா. தண்ணியைப் பற்றி எங்களுக்கு இன்னும் ஒண்டும் தெரியாதெண்டுதான் அர்த்தம். புதுப் போத்தலில திரும்ப எடுத்துக்கொண்டு வாங்கோ."

இந்தப் பதிலை மாதத்துக்கு நாலு பேருக்காவது சொல்வேன். அன்று அதைச் சொல்லி முடித்ததும் அம்மாவின் படம் நினைவுக்கு வந்தது. அவர் போனதும் வெளியே வந்து மரத்தடியில் நின்று ஆஸ்பத்திரிக்கு அழைத்தேன். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்கள்.

பின்னேரம் வீட்டில் அம்மா கிண்டிய வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து நானும் கட்டினேன். போத்தல் கதையைச் சொன்னேன்.

"நீ என்ன சொல்ல வாறாய் எண்டு விளங்குது" என்றார் அம்மா, தலை நிமிராமல். "நான் வரேல்ல."

"ஏனம்மா? திருநீறு எண்டால் திருநீறு எண்டு சொல்லி அனுப்பிப்போடுவினம்."

"திருநீறு இல்லையெண்டால்?"

அம்மா கையில் இருந்த பிடியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் தெரியும் பிள்ளை. துடைச்சதை நான் பாத்தனான். அந்தப் பிள்ளை வடிவாத்தான் துடைச்சது. அக்காவோட நான் நிண்ட வார்ட்டு எனக்குத் தெரியும். அந்தக் கட்டில் தெரியும். அங்க திரும்பிப் போக எனக்கு ஏலாது."

அம்மா என்னிலும் அதிகமாகவே புரிந்து வைத்திருந்தார். திருநீற்றை நம்பியவள் நான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறார்.

"பெரியம்மா எட்டு மாதம் பிந்திப் போனவ, அதுதான் அந்தக் கட்டில்" என்றேன். "நீங்கள் இப்ப போனால் அந்தக் கட்டிலுக்குப் போகத் தேவை வராமல் இருக்கலாம். கட்டாயம் எண்டு நான் சொல்லேல்ல. இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன். பிந்தினால் அதுகும் இல்லை."

அம்மா இன்னும் இரண்டு பிடி கட்டினார். கடைசியில், "செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

பெருப்பித்த படத்தில் புள்ளிகள் அப்படியே இருந்தன. தோலில் அல்ல, உள்ளே, ஒரே இடத்தில், கூட்டமாக. படத்தைத் திரையில் போட்டு எங்களுக்கு விளக்கியவர் ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணர். அவசரப்படாமல் கதைத்தார்.

"இது கல்சியப் புள்ளியள். கன பெண்களுக்கு இருக்கும். பெரும்பாலும் ஒண்டும் இல்லை. ஆனா இப்பிடிச் சின்னனாய், உருவம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி, ஒரு மூலையில சேர்ந்து இருந்தால், என்னெண்டு பாக்கத்தான் வேணும்."

"கேத்திலின்ரை அடியில வெள்ளையாப் படியுமே, அதுமாதிரியோ?" என்றார் அம்மா. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்திலில் அந்தப் படிவு உண்டு.

"ஓம், அதுமாதிரித்தான். கேத்திலில இருந்தால் பிரச்சினை இல்லை. பால் குழாய்க்குள்ள ஏன் படிஞ்சது எண்டதுதான் கேள்வி."

பதில் வேண்டுமென்றால் ஊசியால் துணுக்கு எடுக்க வேண்டும். படத்தைப் பார்த்தபடி, மரத்துப்போக வைத்து, தடித்த ஊசி ஒன்றால் அந்த இடத்திலிருந்து சில இழைகளை எடுப்பார்கள். நோயியல் வைத்தியர் அதை நுணுக்குக்காட்டியில் பெருப்பித்துப் பார்ப்பார். இதைத்தான் பயொப்சி என்கிறார்கள். அம்மாவுக்கு ஒரு கிழமை அந்த இடம் நீலமாகக் கன்றிப்போய் இருந்தது. வேறு உபத்திரவம் இல்லை.

காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. அம்மா வேலை செய்துகொண்டே இருந்தார். வெங்காயம் முழுவதும் கட்டி முடிந்தது. பிறகு, கட்டத் தேவையில்லாத சிலதையும் கட்டினார். நான் இணையத்தில் தேடுவதை நிறுத்தினேன். வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதினேன். ஒன்பது கேள்விகள். இது என் அனுபவத்தில் உதவிய பட்டியல். பயந்திருக்கும்போது ஒருவருக்கும் எதுவும் ஞாபகம் வராது. தாளில் இருந்தால் வாசிக்கலாம்.

முடிவு வந்தது. புற்றுநோயின் தொடக்கம். பால் குழாய்க்குள் உருமாறிய உயிர்க்கலங்கள் இருந்தன. ஊசியில் வந்த துணுக்கில் அவை குழாயின் சுவரைத் தாண்டவில்லை. முழுப் பகுதியையும் எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்றார் டொக்டர். மார்பு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை, அந்தப் பகுதியும் சுற்றியுள்ள கொஞ்சமும் போதும்.

"என்ரை அக்காவுக்கு முழுக்க எடுத்தவை" என்றார் அம்மா.

"அவ எப்ப வந்தவ?"

"கட்டி வந்து எட்டு மாதத்தால."

"நீங்கள் கட்டி வராமலே வந்திட்டியள்" என்றார் டொக்டர். அம்மா அன்று முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தார்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் அனுமதித்தார்கள். கையால் தொட்டால் தெரியாத இடத்தை வெட்டுபவருக்குக் காட்ட வேண்டும் என்பதால், காலையில் மமோகிராம் மெசினில் வைத்தே மெல்லிய கம்பி ஒன்றை அந்தப் புள்ளிகள் வரை செலுத்தினார்கள். சட்டைக்கு மேலால் கம்பியின் நுனி தெரிய, அம்மா சக்கர நாற்காலியில் போனார். "அன்ரெனா பூட்டின றேடியோ மாதிரிப் போறன்" என்றார் அப்பாவிடம். அப்பாவால் சிரிக்க முடியவில்லை. அவர் வெளியே போய் நின்றார்.

அம்மா பயந்த அந்த வார்ட்டில்தான் இடம் கிடைத்தது. கட்டில் வேறு. எதிர்க் கட்டிலில் இருந்த ஆசிரியை ஒருவரோடு அரை மணியில் சிநேகமாகிவிட்டார். சின்னம்மா அரியாலையிலிருந்து நாள் தவறாமல் மீன் சொதியும் இடியப்பமும் கொண்டு வந்தார். முதல் நாள் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, திருநீற்று வருத்தம் என்று பேர் வைத்ததற்காக அழுதார்.

"அழாதை. வந்து பாக்கிறவை என்ரை கதை முடிஞ்சுதெண்டு நினைக்கப் போகினம்" என்றார் அம்மா. "சொதிக்கு உப்புப் போடேல்ல. அதுக்கு அழு."

இடது கையைக் கொஞ்ச நாள் உயர்த்தக் கூடாது. தலைமுடியை இழுத்துக் கட்ட ஏலாது. வீட்டுக்கு வந்த மறுநாள் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது பார்க்கிறேன், முற்றத்தில் அம்மா கதிரையில் இருக்க, அப்பா பின்னால் நின்று தலை பின்னுகிறார். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் அதைச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"வெங்காயப் பிடி கட்டுற மாதிரிக் கட்டுறார்" என்று அம்மா என்னிடம் முறையிட்டார்.

"எனக்குத் தெரிஞ்ச கட்டு அதுதானே" என்றார் அப்பா. அதன் பிறகு கை சுகமாகும் வரை தினமும் அவர்தான்.

வெட்டி எடுத்த பகுதியின் அறிக்கை வர வேண்டியிருந்தது. உண்மையான கேள்வி அதில்தான் இருந்தது: சுவரைத் தாண்டியதா, இல்லையா. டொக்டர் அதை முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு எங்களுக்கு.

"தாண்டேல்ல. முழுக்கக் குழாய்க்குள்ளதான். எடுத்த துண்டின்ரை ஓரமெல்லாம் சுத்தம்."

அம்மா என் கையைப் பிடித்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விரல்களில் நகம் பதிந்திருந்தது. என் பட்டியலில் மிச்சம் இருந்த கேள்விகளில் ஒன்றை வாசித்தேன். "இப்ப கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால்?"

"சிலருக்கு இது இப்பிடியே கன காலம் இருக்கும். சிலருக்குச் சுவரை உடைச்சுக்கொண்டு போகும். ஆருக்கு எப்பிடியெண்டு முன்கூட்டிச் சொல்ல எங்களிட்ட வழி இல்லை. அதாலதான் எடுத்தனாங்கள்."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. 'காப்பாற்றிவிட்டோம்' என்று அவர் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதற்குள் பாதுகாப்பான வழி எது என்று காட்டினார்.

பிறகு சில கிழமைகள் கதிர்வீச்சு. கிழமை நாட்களில் காலையில் போய், சில நிமிடம் படுத்து, திரும்பி வருவது. தோல் வெயிலில் காய்ந்தது போலக் கறுத்தது, களைப்பு இருந்தது. கீமோ மருந்தேற்றத் தேவை வரவில்லை, தலைமுடி உதிரவில்லை. ஆறு மாதத்தில் அம்மா திரும்பவும் தோட்டத்தில் நின்றார்.

வாசிக்கிற பெண்களுக்கு நான் சொல்லக் கூடியவை சில உண்டு. எந்த வயதில் தொடங்குவது, எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை எடுப்பது என்பதை உங்கள் சுகவனிதையர் கிளினிக்கில் கேளுங்கள். தாய்க்கோ சகோதரிக்கோ வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்து தொடங்கும் வயது முந்தலாம். மமோகிராம் எல்லாவற்றையும் பிடிக்காது. படம் சுத்தம் என்று வந்த பிறகும் மார்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மாதவிடாய் வருகிறவர்கள் அது முடிந்த கிழமையில் படம் எடுத்தால் நோவு குறைவு. பழைய படங்களை எறியாதீர்கள். புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும். மறுபடி வரச் சொன்னால் உடனே நோய் என்று முடிவுகட்ட வேண்டாம், அநேகம் பேருக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் ஏன் கூப்பிட்டார்கள் என்பதற்கு வீட்டிலிருந்து நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போகாமல் இருந்துவிடக் கூடாது. நாங்கள் பதினொரு நாட்கள் அப்படி இருந்தோம். அது எங்களுக்குப் பொறுத்தது. எல்லாருக்கும் பொறுக்கும் என்று சொல்ல முடியாது.

போன மாதம் அம்மாவின் ஒரு வருடப் படம். சின்னம்மாவும் வந்தார், அவருக்கு அது முதல் தடவை. வரமாட்டேன் என்று மூன்று மாதம் சாட்டுச் சொன்னவரை அம்மாவே அரியாலைக்குப் போய், உடுப்பு மாற்ற வைத்து, முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு பேரின் முடிவும் நல்லதாகவே வந்தது. அடுத்த வருடம் இதே மாதம் வரும்படி எழுதியிருந்தது.

"எந்தத் திகதி?" என்று அம்மா கேட்டதற்கு, பதிவு மேசையில் இருந்தவர், "அம்மா, அதுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடக்கு" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆணியிலிருந்து கலண்டரைக் கழற்றினார். அடுத்த வருடக் கலண்டர் இன்னும் வரவில்லை. டிசம்பர்த் தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் மாதத்தை எழுதி, அதன் கீழே தன் பெயரையும் சின்னம்மாவின் பெயரையும் எழுதினார். பேனையை மூடப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எத்தினை வயதில தொடங்கச் சொன்னவ டொக்டர்?"

"நாப்பதில. அதுவரைக்கும் கிளினிக்கில காட்டினால் காணும். இன்னும் பதினொரு வருஷம் இருக்கம்மா."

அம்மா விரல்விட்டு எண்ணினார். பதினொரு வருடம் கழித்து வரும் ஆண்டை எழுதி, அதற்கு நேரே என் பெயரை எழுதினார்.

"அண்டைக்கு நீ தனியப் போகாதை" என்றார். "நான் வாறன்."